பிரிக்கவும் வழி வைத்துத் தையுங்கள்

பச்சிளங் குழந்தைகளுக்கு லேஸும் கைப்பூவேலையும் வைத்து உடை தைத்துத் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தையற்கலைஞர்களுக்கு,

ஞானஸ்நான அங்கி, பெயர் சூட்டும் நாளுக்கான சட்டை, முதல் பிறந்தநாள் கவுன் என்று ஆர்டர் எடுத்துத் தைக்கிற உங்களில் சிலர் ‘பரம்பரை உடை’ என்று சொல்லி விலை வைக்கிறீர்கள். பாட்டி போட்டது, அம்மா போட்டது, நாளைக்குப் பேத்தி போடப்போவது என்று தலைமுறை தாண்டிக் கைமாறும் உடை என்பது அதன் பொருள். நல்ல சொல், அதற்கு அதிகமாகக் கூலி கேட்பதிலும் பிழை இல்லை. ஆனால் எத்தனை மீட்டர் லேஸ், எவ்வளவு நெருக்கமான பூவேலை என்பதை வைத்து அந்தப் பெயரைச் சூட்டும்போதுதான் எனக்கு மறுப்பு வருகிறது. ஓர் உடை அடுத்த குழந்தைக்குப் போகுமா, பெட்டியிலேயே மக்குமா என்பதை அதன் உள்பக்கத் தையல்தான் முடிவு செய்கிறது. கறாராகச் சொல்வதென்றால், பிரிக்க முடிந்த உடைதான் பரம்பரை உடை. பிரிக்க முடியாதது எத்தனை ஆயிரம் ரூபாய் பெற்றாலும் ஒருநாள் சட்டைதான்.

இந்தக் கலை வளர்ந்த ஐரோப்பாவில் அது எப்படி வளர்ந்தது என்று பார்த்தால் இது விளங்கும். லேஸ் முழுக்கக் கையால் பின்னப்பட்ட நாட்களில் அது துணியைவிடப் பல மடங்கு விலை கூடியது. உயில் எழுதி மகளுக்கு விட்டுப்போகும் சொத்தாகவே அதை வைத்திருந்தார்கள். துணி நைந்துபோகும், லேஸ் நிற்கும். ஆகவே லேஸைத் துணியோடு சேர்க்கும்போதே நாளைக்கு அதைக் கழற்றி வேறொரு துணியில் வைக்க வேண்டியிருக்கும் என்ற கணக்கோடு தைத்தார்கள். பிரெஞ்சுக் கைத்தையல் என்று இன்று அமெரிக்காவில் சொல்லித்தரும் முறையின் அடிப்படை இதுதான். துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே திரி உருட்டுவது போல உருட்டி, அந்த உருளையைச் சுற்றிச் சுற்றி மெல்லிய நூலோட்டி, அதே சுற்றில் லேஸின் விளிம்பையும் பிடித்துக்கொள்வார்கள். அந்த நூலை அங்கங்கே வெட்டி இழுத்தால் லேஸ் ஒரு கண்ணி அறாமல் முழுசாக வந்துவிடும். இரண்டு துண்டுகளுக்கு நடுவே ‘ஆன்ட்ரடூ’ என்ற நாடா வைப்பதும் இதனால்தான். ஏணிப்படி போல வரிசையாகத் துளை கொண்ட அந்த நாடாவில் ஊசி ஏற்கெனவே இருக்கும் துளைக்குள்ளேயே போய்வருவதால் நாடாவின் இழை குத்துப்பட்டுப் போவதில்லை. நல்ல பருத்தி லேஸின் மேல்விளிம்பில் ஒரு நூல் தனியாக ஓடும். அதை இழுத்தாலே சுருக்கம் விழும், தளர்த்தினால் மறுபடி நேராகும். லேஸைத் தையல்போட்டுச் சுருக்கி ஓவர்லாக் ஓட்டி மூடிவிடுகிறவர் அந்த நூல் எதற்கு இருக்கிறது என்றே பார்த்திருக்க மாட்டார்.

அளவு விஷயத்திலும் இதே கணக்குத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் குழந்தை அங்கிகள் குழந்தையின் கால் தாண்டி இரண்டு மூன்று அடி தொங்கும். அழகுக்கென்று நினைக்கிறோம். ஆனால் சில மாதம் கழித்துக் குழந்தை தவழத் தொடங்கும்போது அந்த நீளத்தை வெட்டிக் குட்டைச் சட்டையாக்கிக்கொள்வது வீடுகளில் வழக்கமாக இருந்தது. கீழே வரிசையாக டக்கு பிடித்திருப்பார்கள். அரை அங்குல டக்கு ஒன்றைப் பிரித்தால் ஓர் அங்குலம் நீளம் கிடைக்கும். ஆண் குழந்தையும் பெண் குழந்தையும் ஒரே மாதிரி வெள்ளை அங்கிதான் போட்டார்கள். பையன்களுக்குக் கால்சட்டை வருவது சில வயது கழித்து. அதனால் அண்ணனுடையது தங்கைக்கு, தங்கையுடையது தம்பிக்கு என்று தடையில்லாமல் போயிற்று. இன்றைக்கு இளஞ்சிவப்புக் கவுனில் பெயரையும் பிறந்த தேதியையும் நெஞ்சிலேயே எம்பிராய்டரி செய்து தந்துவிட்டு ‘பரம்பரை’ என்கிறோம். இன்னொரு பெயர் கொண்ட குழந்தை அதை எப்படிப் போடும்? பெயர் போட்டே தீரவேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால், உள்பாவாடையின் கீழ்விளிம்பில் வெள்ளை நூலால் சிறிதாகப் போட்டு, பக்கத்தில் இன்னும் நான்கு பெயருக்கு இடம் விடுங்கள். டக்கு விஷயத்தில் உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. பட்டுப்பாவாடைக்கு டக்கு வைத்து, வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டு, ஆறு வயதுப் பாவாடையைப் பத்து வயதுவரை ஓட்டியவர்கள் நம் ஊர்த் தையற்காரர்கள். ரவிக்கையில் உள்ளே துணி விட்டுத் தைப்பது இன்றும் எழுதப்படாத சட்டம். பாவாடைக்கும் ரவிக்கைக்கும் இருக்கும் இந்த முன்யோசனை குழந்தைக் கவுனுக்கு வரும்போது மட்டும் ஏன் காணாமல் போகிறது என்பதுதான் என் கேள்வி.

பூவேலைக்கு வருகிறேன். இங்கே நமக்கு நேரடி உறவே உண்டு. ஐரோப்பாவில் ‘தாம்பூர்’ என்று பெயர்பெற்ற கொக்கி ஊசி வேலை நம் ஆரி வேலையேதான். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து அங்கே போனது. 1780களில் லூயிஜி ருஃபீனி என்ற இத்தாலியர் எடின்பரோவில் பெண்பிள்ளைகளை வைத்து மஸ்லினில் தாம்பூர் வேலை செய்யும் பட்டறை தொடங்கினார். ஸ்காட்லாந்தின் வெள்ளைப் பூவேலை அங்கிருந்து பெருகியது. பிறகு 1814 வாக்கில் அயர் நகரைச் சேர்ந்த திருமதி ஜேமிசன், லேடி மேரி மாண்ட்கோமரியிடமிருந்து ஒரு குழந்தை அங்கியை இரவல் வாங்கினார். கணவரை இழந்து கைக்குழந்தையோடு ஊர் திரும்பிய அந்தச் சீமாட்டி கொண்டுவந்திருந்த பிரெஞ்சு வேலைப்பாடு அது. அதில் பூவிதழ்களின் நடுவே துணியை வெட்டித் துளையாக்கி, அந்தத் துளைக்குள் ஊசியாலேயே நுண்ணிய லேஸ் பின்னி நிரப்பியிருந்தார்கள். ஜேமிசன் அந்தத் தையல்களைப் பார்த்துப் பழகி, சுற்றுவட்டாரப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அயர்ஷயர் பூவேலை என்று உலகம் அறிந்த தொழில், ஒரு குழந்தைச் சட்டையை இரவல் வாங்கி உற்றுப் பார்த்ததில் பிறந்தது. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் ஆயிரக்கணக்கான பெண்கள் அதில் பிழைத்தார்கள். 1857இன் வங்கி நெருக்கடி, அமெரிக்க உள்நாட்டுப் போரால் வந்த பருத்திப் பஞ்சம், சுவிட்சர்லாந்தின் எம்பிராய்டரி இயந்திரம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து அதை வீழ்த்தின.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தாம்பூரில் தொடங்கிய அந்தப் பெண்கள் குழந்தை அங்கியில் சங்கிலித் தையலைக் குறைத்துக்கொண்டு சாட்டின் தையலுக்கும் ஊசி லேஸுக்கும் நகர்ந்தார்கள். நாகரிகம் மாறியது ஒரு காரணம். இன்னொன்று ஆரி போட்ட எல்லோருக்கும் தெரிந்தது: ஒரே நூலில் ஓடும் சங்கிலி, முடிந்த இடத்தில் அவிழ்ந்தால் சரசரவென்று மொத்தமும் கழன்று வந்துவிடும். மாப்பிள்ளை அழைப்புக்கு இரண்டு தடவை போட்டு அலமாரியில் வைக்கும் ரவிக்கைக்கு அது பெரிய குறையில்லை. பால் கக்கி, எச்சில் வழிந்து, வாரத்துக்கு நான்கு முறை தோய்க்கும் சட்டைக்கு அது குறைதான். கல், மணி, ஜர்தோசிச் சுருள் இவற்றைக் குழந்தை உடையில் வைப்பவரோடு வாதாடவே எனக்கு மனமில்லை. உதிர்ந்தது நேரே வாய்க்குப் போகும். நல்ல வெள்ளைப் பூவேலையை எடைபோட உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முடிச்சு இருக்காது, நூலின் தொடக்கமும் முடிவும் தையலுக்கு அடியிலேயே ஓடி ஒளிந்திருக்கும். முடிச்சு குழந்தையின் தோலை உறுத்தும் என்பது ஒன்று. தேய்த்தால் மறுபக்கம் புடைத்துத் தெரிந்து, அந்த இடத்தில்தான் துணி முதலில் தேயும் என்பது இன்னொன்று. யோக்கில் நான்கு புல்லியன் ரோஜா சுத்தமாகப் போட்டால் போதும். நாற்பது போட்டால் மடிக்கும்போது அட்டை மாதிரி நிற்கும்.

‘அரச குடும்பத்து அங்கி அத்தனை ஆடம்பரமாக இருந்தும் தலைமுறை தாண்டவில்லையா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1841இல் விக்டோரியா அரசியின் மூத்த மகளுக்காகத் தைத்த அங்கி, ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டும் ஹானிட்டன் லேஸும் சேர்ந்தது. தைத்தவர் ஜேனட் சதர்லாந்து. ஸ்காட்லாந்தில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள். 2004 வரை 62 குழந்தைகள் அதை அணிந்தார்கள். ஆனால் அந்தக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள்: 163 ஆண்டுகளில் 62 தடவை, ஒவ்வொரு தடவையும் ஒருசில மணி நேரம், மற்ற நாளெல்லாம் பணியாளர்களின் கண்காணிப்பில் இருட்டறை. அப்படியிருந்தும் கடைசியில் துணி தாங்கவில்லை. அரசியின் உடைகளைக் கவனித்துவந்த ஏஞ்சலா கெல்லி அதே மாதிரி ஒன்றைத் தைக்க, 2008 முதல் அந்த நகல்தான் உடுத்தப்படுகிறது. பழைய அங்கியின் நிறம் வருவதற்காகப் புதிய லேஸைக் கடுந்தேநீரில் தோய்த்தார்களாம். அரண்மனையிலேயே பரம்பரையாக நிலைத்தது வெட்டுமுறையும் வடிவமும்தான். நம் வீட்டு பீரோவுக்கு இருட்டறையும் இல்லை, பணியாளரும் இல்லை. நாம் துவைத்துக் காயப்போட்டு மறுபடி உடுத்தும் உடையைத்தான் தைத்தாக வேண்டும்.

அடுத்த மறுப்பு நம் ஊருக்கே உரியது. மூன்றே மாதத்தில் குழந்தை வளர்ந்துவிடும், இந்த வெயிலில் லேஸ் சட்டை எதற்கு, அதிலும் வேறொரு குழந்தை போட்டதை நம் குழந்தைக்குப் போடலாமா என்று மாமியார் முதல் பக்கத்து வீட்டார் வரை சொல்வார்கள். வெயிலைப் பற்றிய பேச்சு முழு நியாயம். ஆனால் அது சாட்டினுக்கும் லைனிங்குக்கும் கேன்கேன் நெட்டுக்கும் பொருந்துகிற குற்றச்சாட்டு. முதல் பிறந்தநாள் மேடையில் கேக் வெட்டுவதற்குள் குழந்தை வீறிட்டு அழுவதற்குப் பாதிக் காரணம் அந்த நெட்தான். பழைய குழந்தை உடைகளுக்கு ஐரோப்பியர்கள் தேடிய துணி வேறு. ‘நயின்சுக்’, ‘மல்’ என்ற பெயர்கள் இரண்டுமே இங்கிருந்து போனவை. கண்ணுக்குச் சுகம் என்று பொருள்படும் நயன்சுக், மல்மல் என்ற சொற்களின் மருவல். காற்றுப்போகும் மெல்லிய பருத்தி. பழையதைப் போடலாமா என்ற கேள்விக்கு நம் வழக்கமே பதில் சொல்லும். பிறந்த குழந்தையின் மேல் புதுத்துணி பட வேண்டாம் என்று தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்து உடுத்தியவர்கள்தானே நாம்? பாட்டியின் நூல்புடவைதானே தூளி? பலமுறை துவைத்துக் கஞ்சி போய் மெத்தென்றான துணியே பச்சிளம் தோலுக்கு ஏற்றது என்பதை வழிவழியாகத் தெரிந்து வைத்திருக்கும் ஊரில், கைமாறும் சட்டை அந்நியச் சரக்கு ஆகாது. பாட்டியின் வெள்ளைப் புடவையில் தேயாத பகுதியை வெட்டி அங்கி தைத்து, வாங்கிய லேஸை அதில் சுற்றித் தையலால் சேர்த்தால், துணியும் பரம்பரை, லேஸ் நாளைய பரம்பரை. மூன்று மாதத்தில் சிறுத்துவிடும் என்பதற்கு டக்கும் கீழ்மடிப்பும் பாதிப் பதில். மீதிப் பதில், அடுத்த குழந்தை.

கையால் செய்தால்தான் பரம்பரை உடையா, மிஷினில் தைத்தால் தீட்டா என்ற சண்டை தேவையற்றது. 1980களில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஹண்ட்ஸ்வில்லில் இருந்து மார்த்தா புல்லன் இந்தத் தையலைப் பரப்பியபோது, லேஸின் விளிம்பையும் துணியின் ஓரத்தையும் நுண்ணிய ஜிக்ஜாக்கில் சேர்ப்பதை வீட்டு மிஷினிலேயே செய்துகாட்டினார். அதனால்தான் வேலைக்குப் போகும் பெண்களும் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் பயன்படுத்திய லேஸில் பெரும்பகுதியும் பிரான்சின் கலே, கோத்ரி பக்கத்து இயந்திரங்களில் பின்னியது. ஆகவே மிஷின் பாவமில்லை. நைலான்தான் பாவம். பருத்திக்கு வேண்டிய சூட்டில் இஸ்திரி வைத்தால் நைலான் லேஸ் உருகும். பருத்தி சுருங்கும்போது அது சுருங்காமல் நெளிந்து நிற்கும். துணியையும் பருத்தி லேஸையும் வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயவைத்துச் சுருக்கிக்கொள்ளாதவர்கள் முதல் துவையலிலேயே இதைக் கண்டுகொள்வார்கள். உள்தையலுக்கு ஓவர்லாக் வேண்டாம். பிரெஞ்சு சீம் போட்டால் பிசிறு உள்ளே அடங்கும், உறுத்தாது, வேண்டும்போது இரண்டே வரியில் பிரியும்.

கூலி பற்றிய மறுப்புதான் எல்லாவற்றிலும் கனமானது. கைவேலை என்றாலே பெண்களின் கண்ணையும் முதுகையும் மலிவாக வாங்குவதுதானே என்று ஒருவர் கேட்டால், வரலாறு அவர் பக்கம் நிற்கும். நாகர்கோவிலில் 1820களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸும் அங்கே போனது. அடிமைப்பட்டிருந்த பெண்கள் லேஸ் வருமானத்தால் தங்களை மீட்டுக்கொண்டதும் உண்டு. அதே பெண்களின் கையிலிருந்து போன லேஸ் சீமையில் மற்றவர்களின் கழுத்தையும் மார்பையும் அலங்கரித்தது. தம் தோளில் சீலை போட அவர்களின் சமூகத்தார் 1859 வரை போராட வேண்டியிருந்தது. ஆந்திரத்து நரசாப்பூரின் லேஸ் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது: உலகச் சந்தைக்குப் பின்னுகிறவர்களை ‘வீட்டில் சும்மா இருக்கும்போது ஏதோ செய்கிறார்கள்’ என்று கணக்கில் எழுதியதால்தான் அந்தக் கூலி அவ்வளவு தாழ்ந்தது என்று அவர் காட்டினார். பொழுதுபோக்கு என்ற ஒரு சொல் பாதிக் கூலியைத் தின்றுவிடும். இதற்குப் பதிலாகக் கைவேலையைக் கைவிடச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மணிக்கணக்கை எழுதி வைக்கச் சொல்கிறேன். அதோடு, பூவேலை நிறைய வைத்தால்தான் விலை கேட்க முடியும் என்ற நம்பிக்கையே உங்கள் கண்ணைக் கெடுக்கிறது. அளவான பூவேலை, முழுக் கவனத்தோடு உள்தையல் என்று மாற்றினால் அதே கூலிக்குக் குறைந்த நேரம் ஆகும்; உடையும் நீடிக்கும்.

பழையதென்பதால் எல்லாமே நல்லதாகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்நாள் அங்கிகளில் கழுத்தைக் கயிறு கோத்துச் சுருக்கி அளவு பார்த்தார்கள். அது இன்று கூடாது. சிறு குழந்தைகளின் உடையில் கழுத்தருகே இழுகயிறு வைப்பதை ஐரோப்பியத் தரவிதிகள் தடுக்கின்றன. பின்கழுத்தில் இரண்டு சின்னப் பொத்தானும் நூல் வளையமும், அரை அங்குலம் தள்ளி இன்னும் ஒரு வளையமும் வைத்தால் வேலை முடிந்தது. எடுத்து வைப்பதைப் பற்றியும் உடையோடு ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கொடுங்கள். கஞ்சி போட்டு வைக்கக் கூடாது, பூச்சி வரும். பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும் துவைத்துத்தான் வைக்க வேண்டும். பால்கறை சில மாதம் கழித்துத்தான் மஞ்சளாக எழும். பட்டுப்புடவைக்குச் செய்வது போலவே மடிப்பை மாற்றி மாற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பிலேயே இற்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாச்சை உருண்டை போடக் கூடாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு நாப்தலின் ஏறிய துணியை உடுத்தினால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள்காமாலை வரலாம், உயிருக்கே ஆபத்து. அந்தக் குறை இருப்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரியவே தெரியாது.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆர்டரில் லேஸை ஒரு மீட்டர் குறைத்து, கீழே இரண்டு டக்கு கூட்டி வையுங்கள். வெட்டி மிஞ்சிய துணியிலும் லேஸிலும் ஒரு சாண் எடுத்து, ஒட்டுப்போட உதவும் என்று சொல்லி உடையோடு சேர்த்துக் கொடுங்கள். பில்லில் ‘உள்தையல்’ என்று தனி வரி எழுதி அதற்குரிய கூலியைப் போடுங்கள். இது எதற்கு என்று வாடிக்கையாளர் கேட்டால், விளக்கம் சொல்வதற்கு முன் சட்டையை உள்பக்கம் திருப்பி அவர் கையில் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வேலையை மதிக்கும் ஒருவர்